பி.யூ.சி. கணக்குக்குத் தமிழ்ப் புத்தகம் துணை

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தொண்ணூறு வாங்கிய பிள்ளை, பி.யூ.சி.யில் சேர்ந்த மூன்றாம் மாதம் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பல வீடுகளுக்கு இது புதிதல்ல. தகப்பனார் ஊரில் தமிழில் படித்தவர். பிள்ளை படிப்பது ஆங்கிலத்தில். "டியூஷனுக்குப் போ" என்பதோடு பேச்சு முடிகிறது. டியூஷன் பணத்துக்குச் சம்பளத்தில் துண்டு விழுகிறது.

அசட்டையாக விடக்கூடிய பாடமும் அல்ல. கர்நாடகத்தில் எஞ்சினீயரிங் ரேங்க் போடும்போது, இரண்டாம் பி.யூ.சி.யின் இயற்பியல், வேதியியல், கணக்கு மார்க்குகளுக்குப் பாதி, சி.இ.டி. மார்க்குக்குப் பாதி என்று சேர்க்கிறார்கள். சி.இ.டி.யில் கணக்குக்கு மட்டும் 60 கேள்வி, 80 நிமிடம்.

சறுக்கல் பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே தொடங்குகிறது. பத்தாம் வகுப்பில் செங்கோண முக்கோணத்துக்குள் அடங்கியிருந்த சைன், காஸ் எல்லாம் இப்போது எந்தக் கோணத்துக்கும் வருகின்றன. பாகையோடு ரேடியனும் சேர்கிறது. அது பிடிபடும் முன்பே நுண்கணிதம் வந்து நிற்கிறது.

இங்கே பி.யூ.சி.க்கு என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகம். தமிழ்நாட்டில் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-ல் பிளஸ் டூவுக்கும் வந்த கணக்குப் புத்தகங்களில் இதே பாடங்களில் பெரும்பாலானவை உள்ளன. அவை தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டாகக் கிடைக்கின்றன, இன்டர்நெட்டில் இலவசம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் படித்து முடித்த உறவுக்காரப் பிள்ளை இருந்தால் பழைய புத்தகமே கிடைத்துவிடும். தகப்பனார் தமிழையும் பிள்ளை ஆங்கிலத்தையும் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே கணக்கைப் பார்க்கலாம். டெரிவேட்டிவ் என்று பிள்ளை சொல்வது வகைக்கெழு. டிடர்மினன்ட் என்பது அணிக்கோவை.

ஒன்று கவனிக்க வேண்டும்: வரிசை மாறியிருக்கும். இரண்டாம் பி.யூ.சி.யில் வரும் அணி, அணிக்கோவை, வெக்டர் ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் தேட வேண்டும். தொகை நுண்கணிதத்தின் தொடக்கமும் அங்கேதான். முதல் பி.யூ.சி.யின் கலப்பெண்களோ பிளஸ் டூ முதல் தொகுதியில் இருக்கின்றன. இது தெரியாமல் புரட்டினால் "இதில் இல்லையே" என்று மூடிவிடத் தோன்றும்.

தகப்பனார் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டாலே பிள்ளை தடுமாறும் இடம் வெளியே வந்துவிடும். பஸ் ஓட்டுகிறவருக்கு வகைக்கெழு அந்நியமும் அல்ல. போன தூரம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதன் வகைக்கெழுதான் அவர் கண் முன்னால் ஸ்பீடாமீட்டரில் ஆடும் முள்.

அதற்கு மேல் போனால் தெருவில் எஞ்சினீயரிங் படிக்கும் அண்ணனோ அக்காவோ போதும். கும்பகோணத்தில் ராமானுஜனுக்குச் சிறு வயதில் கை கொடுத்தவர்கள், அவர் வீட்டில் தங்கியிருந்த இரண்டு கல்லூரி மாணவர்கள்தான். பதினோரு வயதுக்குள் அவர்களிடம் இருந்த கணக்கெல்லாம் தீர்ந்துபோய், லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகத்தை இரவல் வாங்கினார். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு சீக்கிரம் தீராது!

ஆனால் "ஒன்றுமே புரியவில்லை" என்று போய் நின்றால் அந்த அண்ணனாலும் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்த வரை போட்டு, நின்ற வரியில் கோடு கிழித்து, ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போக வேண்டும்.