இடுப்பு வலி: பெல்ட்டை விட உறுதியானது உள்ளிருக்கும் தசைக்கட்டு

இடுப்பு பிடித்துக்கொண்டால் படுத்துவிடுவதும், தைலம் தேய்ப்பதும், பெல்ட் கட்டிக்கொள்வதும்தான் நம் வீடுகளில் முதல் வைத்தியம். 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் எலும்பு முறிவோ, கட்டியோ, தொற்றோ காரணமாக இருப்பதில்லை. அத்தகையோருக்கு ஓய்வைவிட, நடுவுடல் தசைகளைப் பழக்கும் முறையான பயிற்சியே நல்ல வழி.

தசைகள் மறந்துபோகும் வேலை

முதுகெலும்பு தானாக நிமிர்ந்து நிற்பதில்லை. வயிற்றைச் சுற்றி உள்ளடுக்கில் ஓடும் குறுக்குத் தசை, முள்ளெலும்புகளை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசை, மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள் ஆகியவை சேர்ந்து அதைத் தாங்குகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, நலமாக இருப்பவர் கையை உயர்த்துவதற்கு முன்பே இந்தக் குறுக்குத் தசை இறுகிவிடுவதையும், முதுகு வலிக்காரர்களுக்கு அது தாமதமாவதையும் காட்டியது. வலி போனதும் தசை தானாகத் தேறிவிடும் என்றும் சொல்ல முடியாது. முதன்முறை வலி கண்ட 39 பேரை ஹைட்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் தொடர்ந்து கவனித்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் தசைப் பயிற்சி பெற்றோரில் 30 சதவீதம்; பெறாதோரில் 84 சதவீதம். சிறிய ஆய்வுதான் என்றாலும், வலி தணிவதோடு நின்றுவிடாமல் தசையையும் பழக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

எழும் மறுப்புகள்

நடைப்பயிற்சியும் யோகாவும் இருக்க, இது மட்டும் என்ன சிறப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாள்பட்ட வலி குறித்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு அறிக்கை, இவ்வகைப் பயிற்சி மற்றப் பயிற்சிகளைவிடப் பெரிதாக மேலானது அல்ல என்றே கூறியது. ஆகவே இது ஒன்றுதான் தீர்வு என்று எவரும் விற்க முன்வந்தால் நம்ப வேண்டாம். ஆனால் நடக்கவே அஞ்சுபவர்கூடப் பாயை விரித்துத் தரையில் தொடங்கக்கூடியது இது. முதுகை அதிகம் வளைக்காமல், அசைவின் மீதான பயத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. ‘ஸ்கேனில் டிஸ்க் தேய்ந்திருக்கிறதே’ என்பது அடுத்த தயக்கம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது. தேய்மானம் தெரிவதாலேயே அசையக் கூடாது என்று ஆகிவிடாது. பெல்ட்டைப் பொறுத்தவரை, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை என 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாக்கியது. முறைப்படுத்திய உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது.

எப்படித் தொடங்குவது?

கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் முன்வைத்த மூன்று பயிற்சிகள் போதும். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, கீழ்முதுகுக்கு அடியில் கைகளை வைத்து, தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது முதலாவது. ஒருக்களித்து முழங்கையிலும் முழங்காலிலும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது இரண்டாவது. தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு பக்கத்தை மாற்றிச் செய்வது மூன்றாவது. ஒவ்வொரு நிலையிலும் பத்து வினாடிக்கு மிகாமல் இருந்து, மூச்சை அடக்காமல் சில முறை செய்யலாம். வலி காலுக்கு இறங்கினாலோ கூடினாலோ நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் முறையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள்

சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை அவசர அறிகுறிகள்; நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, விழுந்த அடி, முன்பு புற்றுநோய் இருந்திருப்பது ஆகியவற்றுடன் வலி வந்தாலும் பயிற்சிக்கு முன் பரிசோதனை அவசியம். இவை எதுவும் இல்லாதவர்கள் இன்றே தொடங்கலாம். வலி விட்டதும் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். வலி மீண்டும் வராமல் காப்பது அந்தத் தொடர்ச்சிதான்.