படத்தின் பின்பக்கத்து விளம்பரம்

விற்கும் பொருளை விற்பனைக்கு முன் காட்ட இயலாத தொழில்களுள் ஒளிப்படத் தொழிலும் ஒன்று. துணிக்கடைக்கு வருபவர் புடவையை விரித்துப் பார்த்து, கரையைத் தடவிப் பார்த்து வாங்கலாம். ஒளிப்படக் கலைஞரை நாடி வருபவரோ இன்னும் எடுக்கப்படாத படத்துக்கு முன்பணம் கொடுக்கிறார். ஆகவே இத்தொழிலில் வாடிக்கையாளரை ஈர்ப்பது என்பது, பிறருக்கு எடுத்துக் கொடுத்த படங்களைக் கொண்டு இனி எடுக்கப்போகும் படத்தின்மீது நம்பிக்கை பிறக்கச் செய்வதே ஆகும். 1839இல் பாரிஸில் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதை அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள், நியூயார்க்கில் ஒருவரும் பாரிஸில் இருவருமாக மூன்று கலைஞர்கள் இதற்கு மூன்று வெவ்வேறு வழிகளைக் கண்டனர்; இன்றைய ஸ்டூடியோக்கள் கையாளும் உத்திகள் பலவும் அவற்றிலிருந்து கிளைத்தவையே.

முதலாமவர் மேத்யூ பிராடி. அவர் 1844இல் நியூயார்க்கின் பிராட்வே வீதியில், பார்னமின் புகழ்பெற்ற அருங்காட்சியகத்துக்கு அருகே, மக்கள் நடமாட்டம் ஓயாத இடத்தில் தம் ஸ்டூடியோவைத் திறந்தார். அக்காலத்துப் படம் டகேரோடைப் எனப்பட்டது. அதாவது வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டின்மீது நேரடியாகப் பதிவாகும், படி எடுக்க முடியாத ஒற்றைப் படம். எடுத்த தகடு வாடிக்கையாளருடன் வீட்டுக்குப் போய்விடுமாதலால், அடுத்து வருபவருக்குக் காட்டக் கலைஞரிடம் ஒன்றும் எஞ்சுவதில்லை. இக்குறையை நீக்க, பிராடி அரசியல் தலைவர்களையும் எழுத்தாளர்களையும் அழைத்துவந்து படமெடுத்து, அப்படங்களைத் தம் வரவேற்புக் கூடத்தின் சுவர்களில் வரிசையாக மாட்டினார். 1850இல் அத்தகைய பன்னிருவரின் உருவங்களைக் கல்லச்சுப் படங்களாக்கி நூலாகவும் வெளியிட்டார். நாடறிந்த முகங்களைக் காண வந்தவர், அதே நாற்காலியில் தாமும் அமர விரும்பினார். போட்டியாளர்கள் 25 சென்ட்டுக்குப் படமெடுத்துத் தர முன்வந்தபோதும் பிராடி விலைக்குறைப்பில் இறங்காமல், தரமே தம் அடையாளம் என்று செய்தித்தாள் விளம்பரங்களில் வலியுறுத்தினார். 1860 பிப்ரவரி 27 அன்று, நியூயார்க்கில் முக்கியமான உரை ஒன்றை ஆற்ற வந்த ஆபிரகாம் லிங்கனை அவர் எடுத்த படம், மரச்செதுக்கு ஓவியமாக வார இதழ்களிலும் சிறு அட்டைகளாக மக்கள் கைகளிலும் பரவியபோது, லிங்கனின் முகத்தோடு பிராடியின் பெயரும் நாடெங்கும் சென்றது.

இரண்டாமவரான ஆந்த்ரே திஸ்தேரி இதற்கு நேரெதிரான வழியில் சென்றார். 1854இல் பாரிஸில் அவர் காப்புரிமை பெற்ற ‘கார்த் த விசித்’, விசிட்டிங் கார்டு அளவுள்ள அட்டையில் ஒட்டப்பட்ட சிறு ஒளிப்படமாகும். பல வில்லைகள் பொருத்திய கேமராவால் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டு உருவங்கள் வரை பதித்து, அந்த நெகடிவை, அதாவது ஒளியும் இருளும் இடம்மாறித் தோன்றும் மூலப்பதிவை, ஒரே தாளில் அச்சிட்டு வெட்டி ஒட்டியதால், ஒரு படத்துக்கு ஆகும் பொருளும் உழைப்பும் பெரிதும் குறைந்தன. அதற்கு முன் பாரிஸில் பெரும்பாலும் செல்வர்களுக்கே எட்டிய உருவப்படத்தை அவர் 20 பிராங்குக்கு ஒரு டஜன் என்று கொடுத்தார்; கடைக்காரரும் எழுத்தரும் குடும்பத்தோடு ஸ்டூடியோவின் படியேறினர்.

விலைக்குறைவைவிட முக்கியமான ஒன்று அந்த அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது. ஸ்டூடியோக்கள் அங்கே தம் பெயர், முகவரி, கண்காட்சிகளில் பெற்ற பதக்கங்கள் ஆகியவற்றை அழகுற அச்சிட்டன. நெகடிவ் பாதுகாக்கப்பட்டுள்ளது, எப்போது வேண்டுமானாலும் படி கிடைக்கும் என்ற குறிப்பையும் பல ஸ்டூடியோக்கள் சேர்த்தன. மக்கள் இப்படங்களை உறவினருடனும் நண்பருடனும் பரிமாறிக்கொண்டு ஆல்பங்களில் செருகி வைத்தனர். 1860இல் லண்டன் கலைஞர் மேயால், விக்டோரியா அரசியின் குடும்பப் படங்களை இவ்வடிவில் வெளியிட்டபின் இவ்வழக்கம் பித்தாகவே பரவியது. இவ்வாறு வாடிக்கையாளரே விலை கொடுத்து வாங்கி, தாமே வீடுவீடாகக் கொண்டுசேர்த்த விளம்பரமாக ஒவ்வொரு படமும் விளங்கிற்று. தமிழக வீடுகளில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பழைய திருமணப் படங்களின் அட்டை ஓரத்தில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருப்பது இம்மரபின் தொடர்ச்சியே.

மூன்றாமவர் நாதார் என்ற புனைபெயரால் அறியப்பட்ட கஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்னஷோன். கேலிச்சித்திரக்காரராகப் பெற்ற அப்பெயரே தம் முதல் சொத்து என்பதை அவர் உணர்ந்திருந்தார். தம்பி அதே பெயரில் ஸ்டூடியோ நடத்தியபோது நீதிமன்றம் சென்று, 1857இல் அப்பெயர் தமக்கே உரியது என்று தீர்ப்புப் பெற்றார். படமெடுக்கும் நுட்பத்தை எவரும் விரைவில் கற்கலாம், ஒளியை உணரும் திறனையும் எதிரே அமர்ந்திருப்பவரின் உள்ளத்தை அறியும் பண்பையும் கற்பிக்க முடியாது என்பதே அவ்வழக்கில் அவர் முன்வைத்த வாதம். 1860இல் கப்புசின் பெருவீதிக்கு மாறியபின், தம் கையெழுத்தையே பேருருவில் கட்டடத்தின் முகப்பில் ஏற்றினார். வணிகக்குறியின் மதிப்பைப் பற்றி இன்று பேசப்படும் பலவற்றை அவர் அன்றே செய்து காட்டினார்.

எனினும் இம்மூவரின் பிற்கால வாழ்வு எச்சரிக்கையும் தருகிறது. பிராடி அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படமெடுக்கப் பெரும்பொருள் செலவிட்டுக் கடனில் ஆழ்ந்தார். 1875இல் அமெரிக்க நாடாளுமன்றம் 25,000 டாலர் கொடுத்து அவருடைய தகடுகளை வாங்கியும் அவர் மீளவில்லை. நாதார் 1863இல் கட்டிய மாபெரும் பலூன் பணத்தை விழுங்கியது. திஸ்தேரியின் முறையை எவரும் பின்பற்ற முடிந்ததால், போட்டி பெருகி விலை சரிந்தது. அவர் 1889இல் வறுமையில் இறந்தார். விளம்பரம் கூட்டத்தைக் கொண்டுவரும், கணக்குதான் தொழிலைக் காக்கும் என்பதையும், மலிவு ஒன்றையே அடையாளமாகக் கொண்டவரை இன்னும் மலிவாகக் கொடுப்பவர் வென்றுவிடுவார் என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.

கண்ணாடிப் பெட்டியில் படம் வைத்த காலம் போய், இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப்பிலும் படம் ஏற்றும் காலம் வந்துள்ளது. ஆயினும் ஒருவருடைய முகத்தைக் காட்டியே மற்றவரை அழைக்கும் தொழில் இது என்ற அடிப்படை மாறவில்லை. ஆதலால் அம்முகத்துக்கு உரியவரின் இசைவு இன்றியமையாதது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்படும் ஒளிப்படத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரையே முதலில் சேரும். திருமணப் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த விரும்பும் கலைஞர், முன்பணம் வாங்கும்போதே அதற்கான ஒப்புதலையும் எழுத்தில் வாங்குவதே முறை. நம்பிக்கையை விற்கும் தொழிலில், வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் காப்பதே முதல் விளம்பரமாக அமைய வேண்டும்.