கதிர் சிகிச்சை யாருக்குப் பலிக்கும்? அடையாறு தேடிய ஏழு மரபணுக்கள்

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்களில் பலர், நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டால் கதிர்தான் வழி. வாரத்துக்கு 5 நாளாக ஏறத்தாழ 5 வாரம் வெளியிலிருந்து கதிர், பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர், கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து. ஒரே கட்டத்தில் இருக்கும் இரு பெண்களுக்கு ஒரே அளவு கதிர் கொடுத்தாலும், ஒருவருக்குக் கட்டி கரைந்துபோகிறது. மற்றவருக்குத் திரும்பி வருகிறது. ஏன்?

கதிர், செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவின் இழைகளை அறுக்கிறது. அறுந்ததைத் தைத்துக்கொள்ளும் செல் பிழைக்கிறது. அந்தத் தையல் வேலையை நடத்துபவை மரபணுக்கள்.

1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அந்த மருத்துவமனையில், டாக்டர் தங்கராஜன் ராஜ்குமார் குழுவினர் விடையைக் கட்டியிலேயே தேடினார்கள். கட்டித் துணுக்குகளிலிருந்து பிரித்துச் சேமித்திருந்த ஆர்என்ஏ கைவசம் இருந்தது. சிகிச்சைக்குப் பின் 36 மாதங்களுக்கு மேல் நோயின்றி இருந்தவர்கள் 15 பேர். கதிர் பலிக்காதவர்கள் 10 பேர். இரு தரப்பையும், மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும் மைக்ரோஅரே சில்லில் ஒப்பிட்டு 20 மரபணுக்களைப் பொறுக்கினார்கள். அவற்றில் 7 மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை ஒரு மதிப்பெண்ணாக்கியபோது, கதிருக்குப் பணியும் கட்டியும் பணியாத கட்டியும் பிரிந்து தெரிந்தன. 2009-ல் பிஎம்சி கேன்சர் இதழில் இது வெளியானது.

எனினும் 25 பேர் போதாது. எந்த மாதிரிகளிலிருந்து மதிப்பெண் பிறந்ததோ அவற்றில் அது நன்றாகத்தான் பொருந்தும். புதிய நோயாளிகளிடம் சிகிச்சைக்கு முன்பே கணக்கிட்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்தால்தான் நம்ப முடியும். அந்த உழைப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். கதிர் மட்டுமே போதுமென்று முன்கூட்டித் தெரிந்தால், சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் சிஸ்பிளாட்டினிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றலாம்.

கதிரின் பக்கவிளைவு வேறு கதை. அதைத் தீர்மானிப்பதில் பிறவியிலேயே வந்த மரபணுக்களுக்குப் பங்குண்டு. சோதிக்க ரத்தம் போதும். 1995-ல் அடையாளம் காணப்பட்ட ஏடிஎம் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவு கதிரே பேராபத்து. மற்றவர்களிடம் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு வகிக்கின்றன. அவற்றைத் தேடும் சர்வதேசக் கூட்டமைப்பு 2009-ல் உருவானது. இதுவரை திரண்ட தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் பெண்களுக்கு அது அப்படியே பொருந்துமென்று எடுத்துக்கொள்ள முடியாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இன்று கதிரின் அளவை மரபணுச் சோதனை முடிவு செய்வதில்லை. ஆனால் மொத்தச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடியாவிட்டால் பலன் குறையும் என்பது உறுதியாகத் தெரியும். பஸ் செலவுக்காகவோ வீட்டு விசேஷத்துக்காகவோ ஒரு நாளைக்கூட விட்டுவிடாதீர்கள்.