கண்ணாடித் தொட்டியில் அயிரை

அயிரை என்றதும் மதுரைத் தமிழர்க்குக் குழம்பே நினைவில் வரும். சங்கப் பாட்டிலும் இடம்பெற்ற அம்மீனைத் துவாரகாவின் மாடி வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் வளர்க்கலாம். அது மணலில் புதையும் இயல்பினது. ஆகவே அடியில் கூர்ங்கற்களை விடுத்து மென்மணலைப் பரப்புங்கள்.

நீர்ச்செடிகள் இருக்க, காற்றுப் பம்பு எதற்கு என்பீர்கள். செடிகள் பகலில் உயிர்வளி தருகின்றன. இரவிலோ அவையும் அதனையே உட்கொள்கின்றன. தில்லிக் கோடையில் சூடேறிய நீரில் உயிர்வளி மேலும் குறையும். அப்போது அயிரை மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் மூச்சுவிடும். உடன் வாழும் கெண்டைக் குஞ்சுகளுக்கு அவ்வாற்றல் இல்லை; அவை மாண்டுபோகும்.

எனவே வைகறையில் அயிரை அடிக்கடி மேலெழுந்தால் விளையாட்டென்று எண்ணாதீர்கள். உடனே காற்றுப் பம்பை இயக்குங்கள். வாயில்லா உயிர் விடுக்கும் எச்சரிக்கை அதுவன்றோ!