சி.டி. திரையில் வரும் எண் யாருடையது?

ஸ்கேன் முடிந்ததும் சி.டி. திரையில் கதிர்வீச்சு அளவு மில்லிகிரே கணக்கில் வந்து நிற்கும். அது நோயாளியின் உடலில் அளந்தது அல்ல, அக்ரிலிக் உருளையில் அளந்தது! தலைக்கு 16 செ.மீ. விட்டம், வயிற்றுக்கு 32 செ.மீ. உருளையின் நடுவிலும் ஓரங்களிலும் உள்ள துளைகளில், பென்சில் போன்ற 100 மி.மீ. அயனிக் கலத்தைச் செருகி அளப்பார்கள்.

ஒல்லியான ஆளுக்கும் அதே 32 செ.மீ. கணக்குதானா? அவருக்குக் கதிரைத் தடுக்கச் சதை குறைவு. உள்ளுறுப்புகளுக்குத் திரை காட்டுவதைவிட அதிகமே போய்ச் சேரும். பச்சைக் குழந்தைக்கு இந்த வித்தியாசம் இரு மடங்கைத் தாண்டும். அதனால்தான் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-ல் உடல் அளவுக்கேற்ற திருத்த எண்களை வெளியிட்டது.

கதிரைக் குறைப்பது எப்படி? குழாய் மின்னோட்டத்தை இயந்திரமே கூட்டிக் குறைக்கும்: தோள்பட்டையில் அதிகம், நுரையீரலில் குறைவு. இதெல்லாம் முதலில் எடுக்கும் முன்னோட்டப் படத்தை நம்பித்தான். அப்போது ஆள் சில சென்டிமீட்டர் குழாய்ப் பக்கம் தள்ளிப் படுத்திருந்தால் உடல் பெரிதாகத் தெரியும். இயந்திரம் ஏமாந்து கதிரைக் கூட்டிவிடும். விலையுயர்ந்த மென்பொருள் வாங்குமுன் ஆளைச் சரியாக நடுவில் படுக்கவைக்கலாமே! கதிர் வீணாகக் கூடும் இன்னொரு வழி, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் ஒருமுறை, ஏற்றி ஒருமுறை என்று ஒரே வயிற்றை இருமுறை எடுப்பது. தேவையில்லாத இடத்திலும் அது வழக்கமாகிவிட்டால், அளவு ஏறக்குறைய இரட்டிப்பு.