தீட்டும் பெட்டி

தூத்துக்குடியில் சவர ப்ளேடை மழுங்கடிக்கிற வேலையில் தாடிக்குப் பாதிப் பங்கு, உப்புக்காற்றுக்குப் பாதிப் பங்கு. பழைய துறைமுகத்துப் பக்கம் தோணி எஞ்சின்களுக்கு லேத் வேலை பார்க்கிறவன் நான். ராத்திரி துடைக்காமல் வைத்த உளியில் காலையில் செம்புள்ளி விழுந்திருக்கும். ஈரத்தோடு சோப்புக் கிண்ணத்தில் போட்ட ப்ளேடுக்கும் அதே கதிதான்.

அப்பா கொழும்புத் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961இல், கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து ஒரு ரோல்ஸ் ரேசர் வாங்கி வந்தார். 1920களிலிருந்து லண்டனில் செய்துவந்த சாமான் அது. நிக்கல் பூசிய தட்டைப் பெட்டி. ஒரு மூடியின் உள்பக்கம் சாணைக்கல், எதிர் மூடியில் தோல். நடுச் சட்டத்தில் கெட்டியான ஒற்றை அலகு. கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் அலகு கல்லின் மேல் ஓடும். ஒவ்வொரு கோடியிலும் ‘டக்’கென்று தானே புரண்டு மறுபக்கத்தைக் கொடுக்கும். “லே, தொடச்சி வச்சாத்தான் தீட்டுனதுக்குப் பலன் உண்டு பாத்துக்க” என்பார். தீட்டியதும் துணியால் ஒற்றி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவித்தான் மூடுவார்.

இந்தப் பெட்டி செய்யும் காரியம், கோணம் பிசகாமல் அலகைப் பிடித்திருப்பது. கத்தியைத் தோல்வாரில் இழுக்கும் சவரத் தொழிலாளியைப் பாருங்கள். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒன்றாகத் தோலில் படியும்; முதுகின் கனமே கோணத்தைக் காத்துவிடும். இருபக்க ப்ளேடுக்கு முதுகே கிடையாது. கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விரலில் பிடித்துத் தேய்த்தால் வளையும், இழுப்புக்கு ஒரு கோணம் விழும். அதனால்தான் அதற்கென்று பிடிப்பான் செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் செய்த ட்வின்பிளெக்ஸில் ப்ளேடைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால் தோல் போர்த்திய உருளைகள் விளிம்பைத் தேய்க்கும். எதிர்த்திசையில் சுற்றினால் ப்ளேடு புரண்டுகொள்ளும். ஹென்றி கெய்ஸ்மனின் ஆட்டோஸ்ட்ராப்பில் ப்ளேடைக் கழற்றவே வேண்டாம்; ரேசரின் தலைக்குள் தோல்வாரைக் கோத்து இழுத்தால் போதும். பட்டறைக்காரன் கண்ணுக்கு இவற்றில் அதுதான் அழகு.

கில்லெட் சொன்னதோ, தீட்டவே வேண்டாம், மழுங்கினால் வீசிவிடு என்று. விற்பனை தொடங்கிய 1903இல் அவருடைய கம்பெனி விற்றது 51 ரேசர், 168 ப்ளேடு. அப்புறம் அது உலகத்தையே பிடித்துக்கொண்டது. ஆனால் காசு பார்த்துச் செலவழிக்கிற வீடுகளில் அப்படி வீச மனம் வரவில்லை. கண்ணாடித் தம்ளரின் உள்சுவரில் ப்ளேடை விரலால் அழுத்தித் தேய்த்தவர்கள் எத்தனையோ பேர். தம்ளரின் வளைவுதான் அவர்களுக்குப் பிடிப்பான்.

கோவையில் ஜி.டி. நாயுடு வேறு வழியில் போனார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு தொழில் தொடங்கிய மனிதர், மிக மெல்லிய சவர ப்ளேடையும், டார்ச் லைட்டில் போடுவது போன்ற உலர் பேட்டரியில் ஓடும் ‘ரேசன்ட்’ என்ற மின் ரேசரையும் உருவாக்கினார். கரண்ட் எட்டாத ஊர்களை மனதில் வைத்தால் அந்தப் பேட்டரியின் அருமை புரியும்.

முடியைவிட ஐம்பது மடங்கு கடினமானது ப்ளேடு எஃகு. பிறகு எப்படி மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் மின்னணு நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். வெட்டுப்படும் முடி வளைகிறது. விளிம்பில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்த வளைவின் விசை குவிந்து துணுக்கு பெயர்கிறது. பெயர்ந்ததைத் தோல் சரிசெய்யாது, கல்தான் தேய்த்துப் புது விளிம்பு எடுக்க வேண்டும். லேசான மடிப்புக்கும் மேலோட்டமான துருவுக்கும் தோல் போதும். எங்கள் கரையில் தோல் பக்கம் அதிகம் உழைத்ததற்குக் காரணம் இந்தத் துருதான் என்பது என் கணிப்பு.

அப்பா பெட்டி வாங்கிய அதே சமயத்தில் துருவுக்கு அசையாத ஸ்டெயின்லெஸ் ப்ளேடு சந்தைக்கு வந்துவிட்டது, விளிம்பில் டெஃப்லான் பூச்சோடு. 1964இல் ரோல்ஸ் ரேசர் கம்பெனியும் திவாலானது. இன்றைய ப்ளேடைக் கல்லில் வைக்காதீர்கள். முதல் இழுப்பிலேயே பூச்சு போய்விடும்.

பழைய தீட்டும் பெட்டி கிடைத்தால் நிக்கல் பளபளப்பைப் பார்த்து விலை பேச வேண்டாம். அலகைச் சட்டத்தில் மாட்டி, விரல் நுனியால் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஊசியோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது, கோணம் நிற்காது. தோல் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடலாம். தேய்ந்த ஊசியைக்கூட நல்ல லேத்காரர் கடைந்து கொடுப்பார். கல்லில் குழி விழுந்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள்.