மருந்து ஸ்பிரிட்டும் தொழுகையும்

சங்கு குளிப்பவரின் கையில் கீறல். தூத்துக்குடி இல்லமொன்றில் காயத்தைக் கழுவி, சுற்றிலும் ஸ்பிரிட்டால் துடைக்கின்றனர். அஸருக்கு பாங்கு ஒலிக்கிறது. "இக்கையுடன் தொழலாமா?" என்னும் ஐயம் எழுகிறது.

அன்பர்களே! அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவை விலக்கியது. அதனை ஒரு துளி அருந்துவதும் ஹராமே. ஆனால், மருந்து ஸ்பிரிட் அருந்துதற்குரியதன்று. அருந்தினால் உயிருக்கே ஆபத்து. புறக்காயங்களைத் தூய்மை செய்யவும், கிருமிகளைக் கொல்லவும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம் என்று 2002இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹுப் பேரவை தீர்மானித்தது.

நம் கடற்கரையினர் பெரிதும் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபு மதுவை நஜீஸ் என்பதால், பேணுதலுள்ளோர் அவ்விடத்தை நீரால் கழுவிவிட்டுத் தொழுவது சிறப்பு. ஸ்பிரிட்டால் கை துடைப்பது ஒளுவாகாது என்பதையும் மறவாதீர்.

எளிதில் தீப்பற்றும் அதனை அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாது வையுங்கள். உயிரைக் காப்பதும் மார்க்கமே!